எடிட்டிங் கேச்சுக்கு எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி: 9,000 ரூபாய் போதுமா, புது லேப்டாப்பே வாங்கணுமா?



"ப்ரோ, டைம்லைன் திக்கித் திக்கி ஓடுது, டிஸ்க் ஃபுல்னு சிவப்புல காட்டுது. லேப்டாப்பை மாத்திடலாமா?" வேலைக்குப் போயிட்டே சைடுல வீடியோ எடிட்டிங் பண்றவங்க நிறைய பேர் நம்மகிட்ட கேக்குற கேள்வி இது. கேக்கும்போதே பாதி பேர் ஷாப்பிங் ஆப்ல ஒரு 90,000 ரூபாய் லேப்டாப்பை கார்ட்ல போட்டு வெச்சிருப்பாங்க, அதுவும் 18 மாச ஈஎம்ஐல. அந்த பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. உங்க பிரச்சினை பத்து பைசா செலவில்லாம தீரலாம், இல்லன்னா ஒரு சின்ன எஸ்எஸ்டியில தீரலாம். நிஜமாவே புது மெஷின்தான் வேணும்னா அதையும் சொல்லிடறேன்.

முதல்ல இந்த "கேச்" என்னன்னு புரிஞ்சுக்கணும். வீட்ல சமைக்கறதுக்கு முன்னாடி வெங்காயம், தக்காளியை நறுக்கி தட்டுல எடுத்து வெச்சுக்குவாங்க இல்லையா? எடிட்டிங் சாஃப்ட்வேர் பண்றதும் அதுதான். நீங்க கொடுத்த ஃபுட்டேஜை ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து பிரிச்சுப் பார்க்காம, ஆடியோவைத் தனியா பிரிச்சு வெக்கும், அலைவடிவத்தை வரைஞ்சு வெக்கும், எஃபெக்ட் போட்ட பகுதியை ரெண்டர் பண்ணி வெக்கும். அப்படி நறுக்கி வெச்ச தட்டுதான் கேச். மூட்டையில இருக்கிற வெங்காயம் உங்க ஒரிஜினல் ஃபுட்டேஜ். சமையல் குறிப்பு உங்க ப்ராஜெக்ட் ஃபைல். தட்டு கொட்டிப் போனா திரும்ப நறுக்கிக்கலாம், நேரம்தான் போகும். மூட்டையோ குறிப்போ போச்சுன்னா சாப்பாடே இல்ல. இந்த வித்தியாசத்தை மனசுல வெச்சுக்கங்க, கடைசியில இது பணமா வந்து நிக்கும்.

பிரச்சினை எங்க ஆரம்பிக்குதுன்னா, ப்ரீமியர் ப்ரோ இந்தத் தட்டை சும்மா விட்டா உங்க சி ட்ரைவ்லதான் வெக்கும். அதுவும் ஆப்டேட்டான்னு ஒரு மறைஞ்ச ஃபோல்டருக்குள்ள. சாதாரணமா கண்ணுக்கே தெரியாது. ஆறு மாசம் எடிட் பண்ணினவங்க சிஸ்டத்துல பல பத்து ஜிபி இப்படித் தேங்கி நிக்கும். டாவின்சி ரிசால்வ்ல கேச்கிளிப்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அது இன்னும் வேகமா ஊதும். 256 ஜிபி லேப்டாப்ல விண்டோஸ், ஆபீஸ் சாஃப்ட்வேர், வாட்ஸ்அப் வீடியோ எல்லாம் போக மீதி எவ்வளவு இருக்கும்னு நீங்களே பாருங்க.

அதனால முதல் வேலை, செலவே இல்லாத வேலை. ப்ரீமியரைத் திறங்க, எந்த ப்ராஜெக்ட்டையும் திறக்காதீங்க. எடிட் மெனுல ப்ரிஃபரன்சஸ், அதுக்குள்ள மீடியா கேச். அங்கயே டெலீட் பட்டன் இருக்கு, எல்லாத்தையும் அழிக்கச் சொல்லுங்க. பழைய கேச்சைத் தானா அழிக்கிற வசதியும் அதே பக்கத்துல இருக்கு, இத்தனை நாளுக்கு மேலன்னு கொடுத்துடலாம். ரிசால்வ்ல ப்ளேபேக் மெனுல டெலீட் ரெண்டர் கேச். ஆனா அது திறந்திருக்கிற ப்ராஜெக்ட்டுக்கு மட்டும்தான், ஒவ்வொரு பழைய ப்ராஜெக்ட்டா திறந்து அழிக்கணும். சலிப்பான வேலைதான், ஒரு ஞாயித்துக்கிழமை காலையில முடிச்சிடலாம். இதுலயே பாதி பேருக்கு லேப்டாப் மூச்சு விட ஆரம்பிச்சிடும்.

திக்குறதுக்குக் காரணம் டிஸ்க்தானா?

இங்கதான் நிறைய பணம் வீணாகுது. டைம்லைன் திக்கினா உடனே "ஸ்பீடு பத்தல, ஃபாஸ்ட் எஸ்எஸ்டி வாங்கு"ன்னு யாராவது சொல்லிடுவாங்க. ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஐஃபோன்ல 4கே, 30 ஃப்ரேம், ஹை எஃபிஷியன்சில எடுத்தா நிமிஷத்துக்கு சுமார் 170 எம்பி ஆகும். கேமரா செட்டிங்ஸ்லயே அதைப் போட்டிருப்பாங்க. செகண்டுக்கு எவ்வளவு? 3 எம்பி கூட இல்ல. ஆக்ஷன் கேமராவுல 100 எம்பிபிஎஸ்ல எடுத்தாலும் செகண்டுக்கு 12.5 எம்பிதான். பழைய ஹார்ட் டிஸ்க்கே செகண்டுக்கு 100 எம்பிக்கு மேல படிக்கும். அப்போ ஃபோன் ஃபுட்டேஜ் திக்குறதுக்கு டிஸ்க் காரணமா இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி.

நிஜக் காரணம் ஹெச்.264, ஹெச்.265 மாதிரி கோடெக்தான். சைஸைக் குறைக்கறதுக்காக முழுப் படத்தை அங்கங்க ஒண்ணு மட்டும் வெச்சுட்டு, நடுவுல வர்ற ஃப்ரேம்கள்ல என்ன மாறிச்சுங்கறதை மட்டும்தான் சேமிக்கும். நீங்க நடுவுல ஒரு இடத்துல கிளிக் பண்ணினா, சிபியூ முன்னாடி போய் முழுப் படத்தை எடுத்து, அங்க இருந்து கணக்கு போட்டுக்கிட்டே வரணும். திக்குறது அந்தக் கணக்கு. அதுக்கு 2,000 எம்பி வேக ட்ரைவ் மாட்டினாலும் ஒரு மாற்றமும் தெரியாது.

செக் பண்றது ஈசி. விண்டோஸ்ல டாஸ்க் மேனேஜர், மேக்ல ஆக்டிவிட்டி மானிட்டர் திறந்து வெச்சுட்டு, திக்குற இடத்தை ப்ளே பண்ணுங்க. சிபியூ 100 சதவீதத்துல முட்டி, டிஸ்க் சும்மா இருந்தா ப்ராக்ஸி போடுங்க. அதாவது அதே கிளிப்போட சின்ன சைஸ் நகலை வெச்சு எடிட் பண்ணிட்டு, எக்ஸ்போர்ட்டுக்கு மட்டும் ஒரிஜினலை எடுத்துக்கறது. ப்ரீமியர், ரிசால்வ் ரெண்டுலயும் இந்த வசதி உள்ளயே இருக்கு, தனியா காசு இல்ல. ரேம் நிரம்பி வழிஞ்சா, அதுவும் லேப்டாப்ல ரேம் ஸ்லாட் இருந்தா, அதைக் கூட்டுங்க. டிஸ்க்தான் 100 சதவீதத்துல நிக்குது, இல்லன்னா இடமே இல்லன்னா, அப்போ மேல படிங்க.

எவ்வளவு வேகம் வேணும்?

ப்ராக்ஸி, ரெண்டர் கேச் எல்லாம் போட ஆரம்பிச்சதும் கணக்கு மாறும். ரெண்டர் கேச் பொதுவா ப்ரோரெஸ், டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் மாதிரி எடிட்டிங்குக்கு லேசான, சைஸ்ல பெரிய கோடெக்ல எழுதும். ப்ரோரெஸ் 422-ஐ எடுத்துக்குவோம். 4கே யூஹெச்டி, 25 ஃப்ரேம்ல அது 492 எம்பிபிஎஸ். எட்டால வகுத்தா செகண்டுக்கு 61.5 எம்பி. பத்து நிமிஷ வீடியோ முழுசையும் கேச் பண்ணினா 37 ஜிபி. அதுக்கு மேல் ரகமான 422 ஹெச்க்யூல 737 எம்பிபிஎஸ், செகண்டுக்கு 92 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 330 ஜிபிக்கு மேல. 256 ஜிபி லேப்டாப் ஏன் திணறுதுன்னு இப்போ தெரியுதா?

வேகத்தைப் பாருங்க. மூணு கேமரா கல்யாண வீடியோவை 422-ல ஒரே நேரத்துல ஓட்டினாலும் செகண்டுக்கு 185 எம்பிதான். ஹார்ட் டிஸ்க்ல இது ஓடாது. ஒரே நேரத்துல மூணு இடத்துல இருந்து படிக்க அதோட ஊசி அங்கயும் இங்கயும் ஓடணும். எஸ்எஸ்டில ஊசியே கிடையாது. 1,000 எம்பி வேக எஸ்எஸ்டிக்கு இது அஞ்சுல ஒரு பங்கு வேலைகூட இல்ல. அதனால பெரும்பாலான யூடியூப், ரீல்ஸ், கல்யாண எடிட்டிங்குக்கு 10 ஜிபிபிஎஸ் வகை எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி தாராளம். பெட்டியில "1050 எம்பி/செகண்ட்"னு போட்டிருப்பாங்களே, அந்த ரகம். சாம்சங் டி7, சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம், க்ரூஷியல் எக்ஸ்9 எல்லாம் இந்த வரிசைதான்.

ஒரு விதிவிலக்கு சொல்லணும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல வேலை பண்றவங்க. அதோட டிஸ்க் கேச் ஃப்ரேம் ஃப்ரேமா சேமிக்கும். சுருக்காத 4கே ஃப்ரேம் ஒண்ணு 8 பிட்லயே 33 எம்பி வரும், 25 ஃப்ரேம்னா செகண்டுக்கு 830 எம்பி. இங்க வேகத்துக்குக் கொடுக்கற காசுக்கு அர்த்தம் இருக்கு. தினமும் மோஷன் கிராஃபிக்ஸ் பண்றவங்க லேப்டாப் உள்ள இருக்கற என்விஎம்இயையே கேச்சுக்கு வெச்சுக்கிட்டு, மத்த ஃபைல்களை வெளிய தள்ளுறதுதான் நல்லது.

பெட்டியில இருக்கற நம்பரும் உங்க போர்ட்டும்

ட்ரைவ் 1,050 எம்பி ஓடும்னாலும் உங்க போர்ட் விடணும். யூஎஸ்பி பெயர்கள் ஒரு பெரிய குழப்பம். 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 எல்லாமே ஒண்ணுதான், 5 ஜிபிபிஎஸ். நடைமுறையில செகண்டுக்கு 400 எம்பியைச் சுத்தி வரும். அதுவும் கேச்சுக்கு மோசமில்ல. 3.2 ஜென் 2 தான் 10 ஜிபிபிஎஸ். 20 ஜிபிபிஎஸ் வேகத்துக்கு 3.2 ஜென் 2x2 னு ஒண்ணு இருக்கு. இதுக்குத்தான் கடைக்காரங்க கூடுதலா 4,000, 5,000 கேப்பாங்க. ஆனா அந்த போர்ட் ரொம்பக் கம்மி லேப்டாப்லதான் இருக்கு. மேக்ல இந்த வகை ட்ரைவை மாட்டினா 10 ஜிபிபிஎஸ்லதான் ஓடும். உங்க லேப்டாப் மாடல் நம்பரைப் போட்டு போர்ட் விவரம் பார்க்காம இந்தக் கூடுதல் காசைக் கொடுக்காதீங்க.

கேபிளும் அப்படித்தான். ஃபோன் சார்ஜரோட வர்ற டைப்-சி கேபிள் பெரும்பாலும் யூஎஸ்பி 2.0. அதுல மாட்டினா எந்த எஸ்எஸ்டியும் செகண்டுக்கு 40 எம்பியில ஊரும். "ட்ரைவ் டூப்ளிகேட் போல ப்ரோ"ன்னு சொன்ன ஒருத்தர் கேபிளை மாத்தினதும் சரியாயிடுச்சு. பெட்டியில வந்த கேபிளையே பயன்படுத்துங்க, சார்ஜர் கேபிளோட கலந்துடாம இருக்க ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடுங்க.

இன்னொண்ணு, பெட்டியில போட்டிருக்காத விஷயம். விலை குறைஞ்ச பல ட்ரைவ்கள் க்யூஎல்சி வகை சிப். ஆரம்பத்துல வேகமா எழுதும், அதுக்குன்னு ஒதுக்கின பகுதி நிரம்பினதும் படக்குனு இறங்கிடும். சில ட்ரைவ்கள் ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கே வந்துடும். ட்ரைவ் நிரம்ப நிரம்ப இது சீக்கிரமே வரும். டிஎல்சி வகைல இந்தச் சரிவு குறைவு. க்ரூஷியல்லயே எக்ஸ்9 க்யூஎல்சி, எக்ஸ்9 ப்ரோ டிஎல்சி. நீண்ட நேரம் தொடர்ந்து எழுதற கேச்சுக்கு ப்ரோவுக்குக் கொடுக்கற அந்தக் கொஞ்சம் அதிக விலை நியாயம்னு எனக்குத் தோணுது. எதை வாங்கினாலும் அஞ்சுல ஒரு பங்கு இடத்தைக் காலியா விடுங்க.

"அடிக்கடி எழுதினா எஸ்எஸ்டி தேய்ஞ்சிடுமே"ன்னு பயப்படறவங்களுக்கு: நல்ல 1 டிபி டிஎல்சி என்விஎம்இ ட்ரைவ்களுக்கு 600 டிபி எழுதற வரைக்கும் உத்தரவாதம் தர்றது வழக்கம். வாரம் ரெண்டு நாள், நாளைக்கு 50 ஜிபி கேச் எழுதினா வருஷத்துக்கு 5 டிபி சொச்சம். தேயறதுக்கு முன்னாடி உங்களுக்கே ரிட்டயர்மென்ட் வந்துடும். நிஜமான ஆபத்து சூடும், கேபிள் ஆட்டமும், எஜெக்ட் பண்ணாம பிடுங்கறதும்தான்.

"16 டிபி எஸ்எஸ்டி வெறும் 1,999"னு வர்ற விளம்பரம் பத்தி ஒரே வரி: அப்படி ஒண்ணு கிடையாது. உள்ள ஒரு சின்ன மெமரி கார்டு இருக்கும், சைஸை மட்டும் பொய்யா காட்டும், அது நிரம்பினதும் பழைய ஃபைல் மேலயே எழுதும். எங்க வாங்கினாலும், ரிச்சி ஸ்ட்ரீட்டோ ஆன்லைனோ, ரிட்டர்ன் காலத்துக்குள்ள ஹெச்2டெஸ்ட்டபிள்யூ மாதிரி இலவச டூல்ல முழு கொள்ளளவையும் எழுதிப் பார்த்துடுங்க.

இப்போ காசு கணக்கு

வாங்கறதுக்கு முன்னாடி லேப்டாப் சர்வீஸ் சென்டர்ல ஒரு கேள்வி கேளுங்க: "இதுல ரெண்டாவது எம்.2 ஸ்லாட் காலியா இருக்கா?" நிறைய விண்டோஸ் லேப்டாப்ல இருக்கும், வாங்கினவங்களுக்கே தெரியாது. இருந்தா உள்ள ஒரு என்விஎம்இ போடறதுதான் சிறந்தது. அதே 1 டிபி பெரும்பாலும் குறைஞ்ச விலை, கூடுதல் வேகம், கேபிள் தொல்லை இல்ல. வாரன்டி கலையுமான்னு அங்கயே கேட்டுக்கங்க.

மேக் வாங்கப் போறவங்களுக்குக் கணக்கு இன்னும் தெளிவு. 2024-ல எம்4 மேக் மினி வந்தப்போ 256 ஜிபி மாடல் ₹59,900, 512 ஜிபி மாடல் ₹79,900. கூடுதல் 256 ஜிபிக்கு 20,000 ரூபாய். உள்ள இருக்கறதைப் பின்னாடி சாதாரணமா கூட்டிக்கவும் முடியாது. அன்னைக்கு அதுல பாதிக்கும் குறைவான காசுல 1 டிபி எக்ஸ்டர்னல் வாங்கி கேச், ப்ராக்ஸி எல்லாத்தையும் வெளிய தள்ளிட முடிஞ்சுது. ஆனா தினமும் பஸ்ல, ட்ரெயின்ல மடியில வெச்சு எடிட் பண்றவங்களா இருந்தா, தொங்குற ட்ரைவ் ஒரு தலைவலி. அவங்களுக்கு உள்ளயே அதிகம் வாங்கறது தப்பில்ல.

ட்ரைவ் விலை மாறிக்கிட்டே இருக்கு, அதனால உதாரணத்துக்கு 9,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். "நோ காஸ்ட் ஈஎம்ஐ, மாசம் 1,500, ஆறு மாசம்"னு வரும். காஸ்ட் இல்லையா? 16 சதவீத வட்டின்னு எடுத்துக்கிட்டா அதுல சுமார் 405 ரூபாய் வட்டி ஒளிஞ்சிருக்கு. அதை டிஸ்கவுன்ட்டா கழிச்சுடுவாங்க, சரி. ஆனா அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி 73 ரூபாய் உங்க தலையில. ப்ராசஸிங் ஃபீஸ் 199-ன்னா ஜிஎஸ்டியோட 235. மொத்தம் 308 ரூபாய். வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு இல்லைன்னு ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு, விளம்பரம்தான் இன்னும் மாறல. முழுப் பணம் கட்டினா கிடைக்கிற கார்டு தள்ளுபடியை விட்டுட்டா நஷ்டம் இன்னும் கூடும்.

இப்போ உங்க நிலைமைய வெச்சுப் பாருங்க. எடிட்டிங்ல மாசம் நாலு வீடியோ, ஒண்ணுக்கு 2,500 வருதுன்னா, இந்த ட்ரைவ் ஒரு மாச சைடு வருமானத்துக்குள்ள அடங்கிடுது. ஒரே தடவையில வாங்கிடுங்க, யோசிக்கவே வேண்டாம். இன்னும் ஒரு ரூபாய் கூட வரலன்னா, அதே 1,500-ஐ மாசாமாசம் ஒரு ஆர்டில போடுங்க. ஆறு மாசம் கழிச்சும் எடிட்டிங் ஆர்வம் இருந்தா வாங்கிக்கங்க, இல்லன்னா காசு உங்ககிட்டயே இருக்கும். இதுல ஒரு ரிஸ்க் இருக்கு. ஃபோன் மாதிரி எஸ்எஸ்டி விலை எப்பவும் இறங்கிக்கிட்டே போகாது. 2023-ல சிப் தேங்கி விலை நல்லா விழுந்துச்சு, அப்புறம் ஏறிடுச்சு. அதுக்காக எமர்ஜென்சி ஃபண்டை உடைக்காதீங்க.

செட் பண்றதும், செய்யக் கூடாததும்

ட்ரைவை மாட்டி, விண்டோஸ்னா டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போய் ஒரு நிலையான எழுத்து கொடுங்க. கடைசியில இருக்கற எழுத்துகள்ல ஒண்ணா இருந்தா பென்ட்ரைவோட மோதாது. பிறகு ப்ரீமியர்ல அதே மீடியா கேச் பக்கத்துல ப்ரௌஸ் கொடுத்து புது ஃபோல்டரைக் காட்டுங்க. ரிசால்வ்ல ப்ராஜெக்ட் செட்டிங்ஸ், மாஸ்டர் செட்டிங்ஸ், ஒர்க்கிங் ஃபோல்டர்ஸ். இனிமே ட்ரைவை மாட்டிட்டுத்தான் சாஃப்ட்வேரைத் திறக்கணும், சாஃப்ட்வேரை மூடிட்டுத்தான் எஜெக்ட் பண்ணணும்.

இப்போ அந்த வெங்காயத் தட்டு விஷயத்துக்கு வருவோம். 1 டிபி கைல இருக்குன்னதும் ஒரு ஆசை வரும்: ஷூட் முடிச்ச கார்டை அதுலயே காப்பி பண்ணிட்டு, கார்டை ஃபார்மட் பண்ணிடலாம்னு. பண்ணாதீங்க. கேச் ட்ரைவ்தான் அதிகமா அடி வாங்கற ட்ரைவ். அதுல கேச், ப்ராக்ஸி இருக்கட்டும். ஒரிஜினலோட ஒரே நகல் அங்க இருக்கக் கூடாது. பெரிய பிராண்டும் விதிவிலக்கில்ல. 2023-ல சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் ப்ரோ வரிசையில சில ட்ரைவ்கள் திடீர்னு செத்து டேட்டா போகுதுன்னு உலகம் முழுக்கப் புகார் வந்து, வெஸ்டர்ன் டிஜிட்டல் ஃபர்ம்வேர் அப்டேட் விட வேண்டியதாச்சு. வாரன்டில புது ட்ரைவ் கிடைக்கும், உள்ள இருந்த கல்யாணம் கிடைக்காது. செத்த எஸ்எஸ்டில இருந்து மீட்கறது ஹார்ட் டிஸ்க்கை விட கஷ்டம், பில் ட்ரைவ் விலையைத் தாண்டிப் போகலாம். அதனால பட்ஜெட்ல மீதி இருக்கற காசுக்கு ரெண்டாவது வேகமான ட்ரைவ் வாங்காதீங்க. ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க் வாங்கி, ஒரிஜினலையும் ப்ராஜெக்ட் ஃபைலையும் அதுல ஒரு நகல் போடுங்க. அதுக்கு வேகமே தேவையில்ல.

பில்லை உங்க பேர்ல வாங்கி சேவ் பண்ணி வெச்சுக்கங்க. வாரன்டிக்கு மட்டும் இல்ல. எடிட்டிங்ல வருமானம் வந்தா அது தொழில் வருமானம், வரிக் கணக்குல காட்டணும். இதுவரை போட்ட ஐடிஆர்-1 அதுக்குச் செல்லாது. சம்பளத்துல இருந்து இந்தச் செலவைக் கழிக்க முடியாது. எடிட்டிங் வருமானத்துல, கணக்கு எழுதி காட்டறவங்க கம்ப்யூட்டர் சாதனத்துக்கான தேய்மானமா ஒவ்வொரு வருஷமும் ஒரு பகுதியைக் கழிக்கலாம். உத்தேச வருமான முறையில போறவங்களுக்கு தேய்மானம் ஏற்கனவே கழிச்சதா எடுத்துக்குவாங்க, தனியா கேக்க முடியாது. உங்களுக்கு எது சரி வரும்னு பில்லோட போய் ஒரு ஆடிட்டர்கிட்ட கேட்டுடுங்க. சம்பளமும் சைடு வருமானமும் சேர்ந்து வர்றவங்க ரிட்டர்ன் எப்படி போடறதுன்னு அடுத்த வீடியோல ஸ்க்ரீன்ல வெச்சே காட்டறேன்.